கொயில் அளக்க மூன்று வோல்டேஜும் ஓர் அடிமட்டமும்

ஒரு தண்ணீர் மோட்டரின் வைண்டிங்கை (உள்ளே சுற்றியிருக்கிற கம்பிக் கொயிலை) மலிவான எல்.சி. மீற்றரில் வைத்து அதன் இன்டக்டன்ஸைப் பார்த்தால், அதாவது கறண்டின் மாற்றத்தை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதை ஹென்றி அலகில் பார்த்தால், ஓர் எண் வரும். அதையே 12 வோல்ட் ரான்ஸ்போமரில் கொடுத்து அளந்தால் வேறொன்று வரும். மோட்டர் சும்மா சுற்றும்போது கிளாம்ப் மீற்றர் (கம்பியைக் கழற்றாமல் கவ்விக் கறண்டை அளப்பது) காட்டுகிற கறண்டை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றாவதாக இன்னொன்று வரும், அது அநேகமாக மற்ற இரண்டையும்விடச் சில மடங்கு பெரிதாக இருக்கும். மீற்றர் பழுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், மூன்றும் சரிதான். எந்த அதிர்வெண்ணில் அளந்தீர்கள், எவ்வளவு கறண்ட் விட்டீர்கள், உள்ளே ரோட்டர் (சுற்றுகிற பகுதி) இருந்ததா, இருந்தால் நின்றதா சுற்றியதா என்பதைச் சொல்லாமல் "இந்த மோட்டர் 40 மில்லிஹென்றி" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் இன்டக்டன்ஸ் அளப்பது பற்றி வருகிற பல வீடியோக்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம். குளத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்குப் பரவாயில்லை, கிணற்றை நம்பி மிளகாயும் வெங்காயமும் வைத்தவர்களுக்கு மோட்டர் இரண்டு நாள் படுத்தாலே கன்று வாடத் தொடங்கிவிடும். அதனால் என் மேசைக்கு வருவதில் பாதி, ஒற்றைக் கட்டத் தண்ணீர் மோட்டர்கள்தான். அண்மையில் ஒரு பெரியவர் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தம்பி, உறுமுது, ஆனா சுத்துதில்லை. வைண்டிங் கட்டிக் கனநாளும் இல்லை" என்றார்.

"கப்பாசிற்றரை மாத்திப் பாத்தீங்களோ ஐயா?"

"அதெல்லாம் மாத்தியாச்சு."

ஓம் மீற்றரில் வைத்தால் ஓடும் வைண்டிங், தொடக்கும் வைண்டிங் இரண்டும் ஒழுங்காகத்தான் காட்டின. இந்த இடத்தில்தான் ஓம் மீற்றரை மட்டும் நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இருநூறு சுற்று உள்ள வைண்டிங்கில் இரண்டு சுற்று வார்னிஷ் உரிந்து ஒன்றோடொன்று முட்டியிருந்தால் தடை 1 சதவீதம்தான் குறையும். செம்பின் தடையோ ஒரு பாகை வெப்பம் கூடினாலே ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறுகிறது. வெயிலில் வைத்துக் கொண்டுவந்த மோட்டருக்கும் நிழலில் கிடந்த மோட்டருக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்றால் அதுவே 4 சதவீதம் வந்துவிடும், அதற்குள் இந்த 1 சதவீதத்தை எங்கே தேடுவது. ஆனால் முட்டிய அந்த இரண்டு சுற்றும் காந்தப் புலத்தைப் பொறுத்தவரை, செக்கண்டரியை (மின் வெளியே வருகிற பக்கத்துக் கொயிலை) ஷோட் பண்ணிய ரான்ஸ்போமர் ஆகிவிட்டன. இன்டக்டன்ஸ் விழும், கூடவே இழப்பும் ஏறும். ஓம் மீற்றருக்குத் தெரியாத பழுது ஏ.சி.யில் அளந்தால் தெரியவரும்.

சரி, எப்படி அளப்பது? விலை கூடிய எல்.சி.ஆர். மீற்றர் (இன்டக்டன்ஸ், கப்பாசிற்றன்ஸ், தடை மூன்றையும் அளப்பது) இல்லாமல் செய்யக்கூடியதும் எனக்கு மிகவும் பிடித்ததுமான முறை, மூன்று வோல்டேஜ் முறை. தேவையானது ஒரு 12 வோல்ட் ரான்ஸ்போமர் (பழைய கசெற் ரேடியோவில் கழற்றியது போதும், ஆனால் ஏ.சி. வெளியே வர வேண்டும், டயோட்டும் பெரிய கப்பாசிற்றரும் போட்ட அடாப்டர் சரிவராது), பெறுமதி தெரிந்த ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீற்றர். ரெசிஸ்டரையும் கொயிலையும் தொடராக இணைத்து 12 வோல்ட் கொடுங்கள். பிறகு மொத்த வோல்டேஜ், ரெசிஸ்டருக்குக் குறுக்கே வோல்டேஜ், கொயிலுக்குக் குறுக்கே வோல்டேஜ் என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேகமாக எழுத வேண்டும், ஏனென்றால் பின்னேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது, மூன்றையும் ஒரே நேரத்து எண்களாக எடுக்காவிட்டால் கணக்குப் பிசகும்.

பழகிப் பார்க்க நல்ல பொருள் 40 வாட் ரியூப் லைற்றின் பழைய இரும்புச் சோக். எல்லோரும் எல்.ஈ.டி.க்கு மாறிவிட்டதால் வீட்டு மூலையில் எங்காவது ஒன்று கிடக்கும். 330 ஓம் ரெசிஸ்டரோடு தொடராகப் போட்டபோது மொத்தம் 12.6 வோல்ட், ரெசிஸ்டரில் 7.84, சோக்கில் 9.08. இரண்டையும் கூட்டுங்கள், 16.92 வரும். கொடுத்ததோ 12.6. முதன்முதலில் பார்க்கிற பொடியங்கள் மீற்றரின் பற்றரியை மாற்றப் போய்விடுவார்கள். பற்றரியில் ஒன்றுமில்லை. ரெசிஸ்டரின் வோல்டேஜும் கொயிலின் வோல்டேஜும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, கொயிலின் வோல்டேஜ் கிட்டத்தட்டக் கால் சுற்று முன்னால் போகிறது, அதனால் வெறும் கூட்டல் இங்கே செல்லாது, முக்கோணமாகத்தான் கூட்ட வேண்டும்.

கோசைன் சூத்திரம் போட்டும் செய்யலாம், ஆனால் அடிமட்டமும் கவராயமும் இருந்தால் இன்னும் நன்றாக விளங்கும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டு, படுக்கையாக 7.84 சென்ரிமீற்றர் கோடு கீறுங்கள், அது ரெசிஸ்டர். அதன் வலது நுனியில் கவராயத்தை ஊன்றி 9.08க்கு ஒரு வில், இடது நுனியில் ஊன்றி 12.6க்கு ஒரு வில். இரண்டும் வெட்டுகிற புள்ளியிலிருந்து கீழே செங்குத்தாக இறக்குங்கள். கோடு 7.84ஐத் தாண்டிச் சற்று வலப்பக்கமாக விழும், ஆகவே படுக்கைக் கோட்டை நீட்டி வைத்திருங்கள். அந்தச் செங்குத்து உயரம் 9.03 சென்ரிமீற்றர், வலப்பக்கம் நீண்ட துண்டு 0.95 சென்ரிமீற்றர் என்று வந்தது. உயரம்தான் இன்டக்டன்ஸின் பங்கு. 9.03ஐ 7.84ஆல் பிரித்து 330ஆல் பெருக்கினால் 380 ஓம், அதை 314ஆல் பிரித்தால் (இரண்டு பை எஃப், எஃப் என்பது அதிர்வெண், இங்கே 50 ஹேர்ட்ஸ்) 1.21 ஹென்றி. நீண்ட துண்டை அதே மாதிரி மாற்றினால் கிட்டத்தட்ட 40 ஓம். அது செம்புக் கம்பியின் தடையும் இரும்பில் வீணாகிற சக்தியும் சேர்ந்தது. ஓம் மீற்றரில் தனியாக அளந்த தடையை அதிலிருந்து கழித்துவிட்டால், இரும்பின் பங்கு கையில் நிற்கும். ஒரு தாள், ஒரு பென்சில், அதற்குள் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. உயர்தர வகுப்பில் பேசர் வரைபடத்தை (வோல்டேஜ்களை இப்படிக் கோடுகளாகக் கீறுவதை) எங்களுக்கு ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

மீற்றர் பற்றி ஒன்று. சந்தையில் கிடைக்கிற மிக மலிவான மஞ்சள் மீற்றரில் ஏ.சி. பக்கம் 200, 750 என்று இரண்டு இடம்தான் இருக்கும், புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம் மட்டும் வரும். 7.8, 9.1 என்ற அளவில் முக்கோணம் கீறினால் உயரம் பெரிதாக மாறாது, ஆனால் அந்தச் சின்னத் துண்டு கண்டபடி ஆடும். 20 வோல்ட் ஏ.சி. இருக்கிற மீற்றர் ஒன்றை இரவல் வாங்கியாவது செய்யுங்கள். ரெசிஸ்டரின் பெறுமதி கொயிலின் பெறுமதிக்குக் கிட்டவாக இருந்தால் முக்கோணம் அழகாக வரும். 10 ஓம் கொயிலுக்கு 1000 ஓம் போட்டால் ஊசி மாதிரி ஒரு முக்கோணம்தான் கிடைக்கும், அதில் எதையும் அளக்க முடியாது. பெரிய மோட்டர் வைண்டிங்குக்கு 5, 10 ஓம் அளவில் சீமெந்து உடம்புள்ள பெரிய வாட் ரெசிஸ்டர் வேண்டும், ரான்ஸ்போமரும் ஒன்று இரண்டு அம்பியர் தாங்க வேண்டும். ரெசிஸ்டருக்குப் பதிலாகக் கார் பல்ப்பைப் போடாதீர்கள், சூடாகச் சூடாக அதன் தடை ஏறும்.

சோக்கை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அதன் இரும்புக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றிடைவெளி இருப்பதால் 12 வோல்ட்டில் அளந்தாலும் 200 வோல்ட்டில் அளந்தாலும் எண் பெரிதாக மாறாது. இடைவெளி இல்லாத ரான்ஸ்போமரின் பிரைமரியை (மின் உள்ளே போகிற பக்கத்துக் கொயிலை) இப்படி அளந்து பாருங்கள், கொடுக்கிற வோல்டேஜைப் பொறுத்து எண் ஏறி இறங்கும். மெல்லிய புலத்தில் இரும்பு சோம்பலாக இருக்கும், நடுவில் நன்றாக வேலை செய்யும், மிஞ்சினால் மேலும் புலத்தை ஏற்க முடியாமல் நிரம்பிவிடும். எல்லாம் அதே கொயில்தான்.

மோட்டருக்கு வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த மோட்டர்களில் இருக்கிற அணிற்கூட்டு ரோட்டர் (நுனிகளை வளையத்தால் இணைத்த கம்பிக் கூடு) என்பது முழுக்க ஷோட் பண்ணிய செக்கண்டரி. மோட்டர் நிற்கும்போது வைண்டிங்கை அளந்தால், புலத்தின் பெரும்பகுதியை ரோட்டரில் ஓடுகிற கறண்ட் அடித்துவிடும், உங்களுக்குத் தெரிவது ரோட்டரோடு சேராமல் கசிகிற புலத்தின் இன்டக்டன்ஸ்தான். தொடங்கும் கணத்தில் மோட்டர் இழுக்கிற பெரிய கறண்டைத் தீர்மானிப்பதும் தடையோடு சேர்ந்து இதுதான், ஆகவே பயனில்லாத எண் என்று ஒதுக்க வேண்டாம். மோட்டர் சுமையில்லாமல் முழு வேகத்தில் சுற்றும்போது ரோட்டரில் கறண்ட் குறைந்துவிடும், அப்போது கிடைப்பது காந்தமாக்கும் இன்டக்டன்ஸ், அது பெரியது. ரோட்டரைக் கழற்றிவிட்டு ஸ்ரேற்றரை (வைண்டிங் இருக்கிற அசையாத பகுதியை) மட்டும் அளந்தால் நடுவில் பெரிய காற்று வெளி, அதற்கு வேறொரு எண். பழுது தேடுகிறவருக்கு இந்தக் கடைசி எண்தான் நல்லது, ஏனென்றால் ரோட்டர் உள்ளே இருந்தால் அதுவே ஒரு பெரிய ஷோட், அதன் சத்தத்துக்குள் இரண்டு சுற்று ஷோட் ஒளிந்துகொள்ளும். அந்தப் பெரியவரின் மோட்டரையும் ரோட்டரைக் கழற்றி வைத்துத்தான் பார்த்தேன். ஓடும் வைண்டிங்கில் துருவத்துக்குத் துருவம் (ஒவ்வொரு காந்தத் துருவத்துக்கும் உள்ள கொயில் தொகுதியில்) 12 வோல்ட் பிரிந்து நிற்பதை அளந்தபோது ஒரு துருவம் மட்டும் மற்றதைவிடக் குறைவாக எடுத்தது. திரும்பக் கட்டத்தான் வேண்டும் என்று சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்காதுதானே.

சுமையில்லாமல் அளக்கிறேன் என்று தண்ணீர் மோட்டரைத் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் ஓட விடாதீர்கள், உள்ளே இருக்கிற மெக்கானிக்கல் சீல் எரிந்துவிடும். 230 வோல்ட்டில் கிளாம்ப் மீற்றரைத் தவிர வேறெதையும் கையில் எடுக்கவும் வேண்டாம்.

இந்த இடத்தில் சைக்கிள் டைனமோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யுத்த காலத்தில் வன்னிக்குள் கறண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அப்போது ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று, எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த 6 வோல்ட் 3 வாட் பல்ப் ஏன் உடனே எரிந்து போகவில்லை? வேகம் கூட டைனமோவின் வோல்டேஜ் கூடும், அதே விகிதத்தில் அதிர்வெண்ணும் கூடும், அதிர்வெண் கூட அதன் சொந்தக் கொயிலின் இன்டக்டன்ஸ் காட்டுகிற எதிர்ப்பும் கூடும். மேலேயும் கீழேயும் ஒன்றாக ஏறுவதால் கறண்ட் அரை அம்பியருக்குக் கிட்ட நின்றுவிடுகிறது. கட்டுப்படுத்த ஒரு சுற்றும் தேவையில்லை, கொயிலே செய்கிறது. இதை அளப்பதும் சுலபம். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டு வெறும் முனைகளில் வோல்டேஜைப் பாருங்கள், பிறகு ஏ.சி. அம்பியர் மீற்றரால் ஷோட் பண்ணிக் கறண்டைப் பாருங்கள், ஒன்றை மற்றதால் பிரித்தால் மொத்த எதிர்ப்பு. அதை வர்க்கித்துக் கம்பித் தடையின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதிர்வெண்ணுக்குரிய இரண்டு பை எஃப்ஆல் பிரித்தால் டைனமோவின் இன்டக்டன்ஸ். டைனமோ சுற்றுவது 50 ஹேர்ட்ஸில் இல்லை, நூற்றுக்கணக்கில் போகும், ஆகவே அதிர்வெண் காட்டுகிற மீற்றர் ஒன்று வேண்டும்.

சின்னக் கொயில்களுக்கு 50 ஹேர்ட்ஸ் சரிவராது. 1 மில்லிஹென்றி கொயில் 50 ஹேர்ட்ஸில் 0.3 ஓம்தான் காட்டும், கம்பித் தடைக்குள் மூழ்கிவிடும். அங்கே அதிரவைத்துப் பார்க்கிற முறைதான் கை கொடுக்கும். கொயிலுக்குக் குறுக்கே ஒரு கப்பாசிற்றர், சின்னதாக ஒரு கறண்ட் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால் இரண்டும் தமக்குள் சக்தியை மாற்றி மாற்றி ஆடும். அந்த ஆட்டத்தின் அரைச் சுற்று நேரத்தை வர்க்கித்து, பையின் வர்க்கத்தாலும் கப்பாசிற்றராலும் பிரித்தால் இன்டக்டன்ஸ். எல்.எம்.393 கொம்பரேற்றர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடுகிற ஐ.சி.) ஒன்றைப் போட்டு அலையைச் சதுரமாக்கி ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகையின் ஒரு காலுக்குக் கொடுத்தால், அதன் பல்ஸ்இன் கட்டளையே நேரத்தைச் சொல்லிவிடும். கப்பாசிற்றருக்குக் கடை கடையாக அலைய வேண்டாம், சீலிங் மின்விசிறியின் 2.5 மைக்ரோபரட் நன்றாக வேலை செய்யும், அது பிளாஸ்டிக் பிலிம் வகை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று துருவம் கிடையாது. எலக்ட்ரோலிற்றிக் வேண்டவே வேண்டாம். 2.5க்கு அரைச் சுற்று 500 மைக்ரோசெக்கன் வந்தால் 10.1 மில்லிஹென்றி. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிற அரை மில்லிஹென்றிக் கொயில் என்றால் 111 மைக்ரோசெக்கன் வரும். மின்விசிறிக் கப்பாசிற்றர் பழையதென்றால் முதலில் அதையே அளந்துவிடுங்கள், 2.5 என்று எழுதியது 1.8ஆகத் தேய்ந்திருப்பது இங்கே சாதாரணம், அந்தப் பிழை அப்படியே உங்கள் பதிலுக்குள் வரும்.

ஒஸிலோஸ்கோப் (வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டுகிற கருவி) ஒன்று இருந்தால், டி.எஸ்.ஓ.138 மாதிரி ஒட்டிச் செய்கிற சின்னக் கிற் என்றாலும் பரவாயில்லை, இதே அலையைக் கண்ணால் பார்ப்பது எண்ணைவிடப் பெறுமதியானது. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, நல்ல சட்டி கணீர் என்று நீளும், கீறல் விழுந்தது சப்பென்று நின்றுவிடும், கொயிலும் அப்படித்தான். நல்ல கொயில் பல தடவை ஆடிக் களைத்து ஓயும், சுற்று முட்டிய கொயில் ஒன்றிரண்டு ஆட்டத்தோடு படுத்துவிடும். நம்பாவிட்டால் ஒரு நல்ல ரான்ஸ்போமரை எடுத்து அதன் சன்னலுக்குள்ளால் தடித்த செம்புக் கம்பியை ஒரு சுற்றுப் போட்டு, இரண்டு நுனியையும் முட்டவும் விடவும் செய்துகொண்டு திரையைப் பாருங்கள்.

டி.சி. மோட்டருக்கு, மருந்தடிக்கிற பற்றரி மெஷினின் மோட்டர், வைப்பர் மோட்டர் போன்றவற்றுக்கு, நேர மாறிலி முறை. ரோட்டரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றினால் அதுவே டைனமோவாகி எதிர் வோல்டேஜ் கொடுத்து எல்லாவற்றையும் குழப்பும். தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைச் சட்டென்று கொடுத்து, ரெசிஸ்டரின் வோல்டேஜ் இறுதி நிலையின் 63 சதவீதத்தை எட்டுகிற நேரத்தைத் திரையில் பார்த்து, அதை மொத்தத் தடையால் பெருக்கினால் இன்டக்டன்ஸ். மோட்டரும் ரெசிஸ்டரும் சேர்த்து 10 ஓம், நேரம் 0.1 மில்லிசெக்கன் என்றால் 1 மில்லிஹென்றி. அச்சைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி வைத்து அளந்தால் எண் மாறும், பிரஷ் எந்தத் துண்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இதை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கிற ஆட்களுக்கு ஒரு கணக்கு. ஆர்டுயினோவின் வழக்கமான பி.டபிள்யூ.எம். (வேகத்தைக் கட்டுப்படுத்த வோல்டேஜை வேகமாகப் போட்டு நிறுத்துவது) பல காலில் 490 ஹேர்ட்ஸ். 12 வோல்ட்டில், 1 மில்லிஹென்றி மோட்டரில், பாதிக்குப் பாதி ஓன் ஓஃப் செய்தால் கறண்ட் கணக்குப்படி 6 அம்பியர் மட்டில் மேலும் கீழும் துள்ளும். கம்பித் தடை கொஞ்சம் அடக்கும் என்றாலும் மோட்டர் முனகிக்கொண்டு வீணாகச் சூடாகும். 20 ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மாற்றினால் துள்ளல் 0.15 அம்பியராகச் சுருங்கிவிடும். இன்டக்டன்ஸ் தெரியாமல் எந்த அதிர்வெண் போதும் என்று முடிவெடுக்க முடியாது.

இரும்பு எப்போது நிரம்புகிறது என்று பார்க்க விரும்பினால் ஒஸிலோஸ்கோப்போடு, சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற ஐ.ஆர்.எல்.இசட்.44என் மொஸ்பெற் ஒன்றும் கொயிலோடு தொடராகப் போட 0.1 ஓம் ரெசிஸ்டரும் போதும். (ஐ.ஆர்.எஃப். என்று தொடங்குவதை வாங்கினால் ஆர்டுயினோ கொடுக்கிற 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார்.) 12 வோல்ட்டை 100 மைக்ரோசெக்கனுக்குக் கொடுத்தால் 1 மில்லிஹென்றிக் கொயிலில் கறண்ட் நேர்கோடாக 1.2 அம்பியருக்கு ஏறும், ரெசிஸ்டரில் 120 மில்லிவோல்ட். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து ஓர் இடத்தில் மேலே வளைந்தால் அங்கே இரும்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கொயிலுக்குக் குறுக்கே டயோட்டைத் திருப்பிப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நிறுத்துகிற கணத்தில் எழும்புகிற வோல்டேஜ் மொஸ்பெற்றைத்தான் முதலில் தின்னும். நீளமான கம்பியில் கறண்டை அறுக்கும்போது வருகிற பொறியைக் கவனித்து ஜோசப் ஹென்றி 1832இல் எழுதியதும் இதைப் பற்றித்தான். ஓம் மீற்றரால் ரான்ஸ்போமர் பிரைமரியை அளக்கும்போதும் இரண்டு கையாலும் நுனிகளைப் பிடித்துக்கொண்டு மீற்றரை எடுத்துப் பாருங்கள், அந்தச் சின்னப் பற்றரி கொடுத்த கறண்டே உங்களை ஒரு தரம் உதறவைக்கும். சரி, பார்க்க வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள்.

எல்.சி. மீற்றரைக் குறை சொல்வதுபோலத் தொடங்கினேன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோக் கொயிலுக்கும் எஸ்.எம்.பி.எஸ். (வேகமாகப் போட்டு நிறுத்தி வேலை செய்கிற பவர் சப்ளை) இன்டக்டருக்கும் அது அருமையானது, ஏனென்றால் அவை வேலை செய்கிற அதிர்வெண்ணுக்குக் கிட்டத்தான் அதுவும் அளக்கிறது. இரும்புத் தகடு அடுக்கிய மோட்டருக்கு அதைப் பிடித்தால் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடிப் புலத்தை வெளியே தள்ளிவிடும், எண் சிறிதாக வரும். 100 ஹேர்ட்ஸ் தெரிவு உள்ள எல்.சி.ஆர். மீற்றர் வாங்க வசதி இருந்தால் மோட்டர் வேலைக்கு அதை வாங்குங்கள். நெல் ஆலைக்காரரின் மூன்று கட்ட மோட்டர் வந்தால் எண் என்ன என்று தலையை உடைக்காமல், மூன்று சோடி முனைகளையும் ரோட்டர் இல்லாமல் அளந்து மூன்றும் ஒத்துப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்ரார் இணைப்பில் (மூன்று வைண்டிங்கின் ஒரு நுனியும் ஒரே புள்ளியில் சேர்வது) ஒரு கட்டம் கெட்டால் அந்தக் கட்டத்தைத் தொடுகிற இரண்டு சோடியும் குறைவாகவும் மூன்றாவது சரியாகவும் வரும், எந்தப் பக்கம் கழற்றுவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.